உயிர்த்த ஞாயிறு 1942: கண்ட கண்ணும் கேட்ட காதும்

  இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில் இருந்து இது ஆரம்பித்தது. அவன் டைட்டானிக் படத்தை வீட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தான். "சேர், அவ்வளவு பெரிய பனிப்பாறை முன்னால நிக்குது. கப்பல்ல ஒருத்தருக்குமா தெரியல்ல?" என்றான்.

நல்ல கேள்வி. பதில் என்னவென்றால், தெரிந்திருந்தது. 1912 ஏப்ரல் 14ஆம் திகதி முழுவதும் மற்றக் கப்பல்களில் இருந்து பனி பற்றிய கம்பியில்லாத் தந்திகள் டைட்டானிக்குக்கு வந்துகொண்டேயிருந்தன. இரவு 9.40 அளவில் மெசாபா என்ற கப்பல் அனுப்பிய எச்சரிக்கை, டைட்டானிக் போய்க்கொண்டிருந்த வழியிலேயே பனி கிடப்பதாகச் சொன்னது. தந்தி அறையில் பயணிகளின் சொந்தச் செய்திகளை அனுப்பும் வேலை குவிந்திருந்தது. அந்தத் தாள் கப்பலைச் செலுத்தும் அதிகாரிகளின் கைக்குப் போகவில்லை. மேலே பாய்மரக் கூண்டில் நின்ற காவலாளிகளிடம் தொலைநோக்கி இல்லை. அலையும் நிலவும் இல்லாத இரவு. 11.40க்கு மோதியது. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள்.

காது ஒரு அறையில் கேட்டது. கண் இன்னொரு இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இருக்கவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகுதான் வட அட்லாண்டிக்கில் சர்வதேசப் பனிக் காவல் சேவை உருவானது. முதலில் கப்பல்கள் காவல் சுற்றின, இரண்டாம் உலக மகாயுத்தத்துக்குப் பிறகு விமானங்கள் சுற்றின, இன்று செய்மதிகளும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் இந்த வேலையை ஒரு கருவி தனியாகச் செய்து முடிக்க முடியாது. சாதாரணக் கமெராச் செய்மதிக்கு மேகம் வந்தால் குருடு, இரவு வந்தால் குருடு. ராடார் செய்மதி மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் பார்க்கும். ஆனால் கடலில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அது பனிப்பாறையா, மீன்பிடிக் கப்பலா என்று பல நேரம் அதற்குச் சொல்லத் தெரியாது. கப்பலில் உள்ள ராடாரோ இரும்பை நன்றாகக் காணும், பனிக்கட்டியின் எதிரொலியை அவ்வளவு நன்றாகக் காணாது. சின்னக் கட்டிகள் அலைகளின் எதிரொலிக்குள் மறைந்துவிடும்.

அதனால் எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். இன்றைய பெரிய கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் வானொலி மூலம் தாங்களே அறிவித்துக்கொண்டு போகின்றன. ராடார் காட்டிய புள்ளிகளின் மேல் அந்த அறிவிப்புகளை வைத்துப் பார்ப்பார்கள். அறிவிப்போடு பொருந்தும் புள்ளி கப்பல். பொருந்தாத புள்ளி மேல் சந்தேகம். பிறகு கமெராப் படம், விமானத்தில் போனவர் கண்டது, நீரோட்டம், காற்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிவெடுப்பார்கள்.

"எங்கட கடல்ல பனிப்பாறை இல்லையே சேர்" என்றாள் முன்வரிசையில் ஒரு பிள்ளை. இல்லைதான். ஆனால் இதே பாடத்தைக் கொழும்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், குண்டுச் சத்தத்தோடு படித்திருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறோம்.

*

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், படிப்பிப்பது கொட்டாஞ்சேனையில். தெற்கே தெஹிவளை, கல்கிஸ்ஸை தாண்டினால் ரத்மலானை விமானத்தளம். வடக்கே பாடசாலைக்குப் பக்கத்தில் துறைமுகம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குறிவைத்த முக்கிய இடங்கள் இந்த இரண்டும்தான். நாங்கள் தினமும் பஸ்ஸில் போய்வரும் ஊர் அந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

அந்த நாட்களின் நிலைமையை முதலில் பார்ப்போம். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் அந்தமான் தீவுகள் ஜப்பான் கைக்குப் போயின. இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு மிஞ்சிய பெரிய தளங்கள் கொழும்பும் திருகோணமலையும். மார்ச் கடைசியில் அட்மிரல் ஜேம்ஸ் சொமர்வில் கொழும்புக்கு வந்து கீழைக் கடற்படையின் பொறுப்பை ஏற்றார். அவரிடம் இருந்த கப்பல்களில் பல பழையவை.

எதிரே வந்தது அட்மிரல் நகுமோவின் படை. அகாகி, சொர்யு, ஹிர்யு, ஷொகாகு, சுயிகாகு என்று ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே படை, அதே தளபதி. விமானங்களை நடத்தி வந்தவரும் அதே மிட்சுவோ புச்சிடா.

இந்தப் படையைக் கடலில் கண்டுபிடிக்கக் கொழும்பிடம் என்ன இருந்தது? மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, காது. ஜப்பானியக் கடற்படையின் இரகசிய வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்டு உடைக்கும் ஒரு பிரித்தானியப் பிரிவு முதலில் ஹொங்கொங்கில் இருந்தது. பிறகு சிங்கப்பூருக்குப் போனது. சிங்கப்பூர் ஆபத்தானதும் 1942 ஜனவரியில் கொழும்புக்கு வந்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இடம் பெம்புரோக் என்ற ஒரு பாடசாலைக் கட்டடம். பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்ன அறைகளில் இரவும் பகலும் காதுக்கருவி மாட்டிய மனிதர்கள் இருந்து, கடலுக்கு அப்பால் இருந்து வரும் புள்ளிகளையும் கோடுகளையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்களான எங்களுக்கு இந்தக் காட்சி மனதை விட்டுப் போவதில்லை.

மார்ச் கடைசியில் அந்த அறைகளில் இருந்து ஒரு செய்தி போனது. ஜப்பானிய விமானந்தாங்கிகள் ஏப்ரல் 1 அளவில் இலங்கையைத் தாக்கப் போகின்றன. செய்திகளில் இடத்தின் பெயர் ஒரு குறியீடாகவே வந்துகொண்டிருந்ததாம். ஒரு தடவை ஜப்பானிய இயக்குநர் ஒருவர் அதை எழுத்தெழுத்தாக "கோ-ரோ-ன்-போ" என்று அனுப்பிவிட்டார் என்று அந்தப் பிரிவில் வேலை செய்தவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

காது சரியாகத்தான் கேட்டது. சொமர்வில்லும் நம்பினார். மார்ச் 31 முதல் ஏப்ரல் 2 வரை தன் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே கடலில் காத்திருந்தார். யாரும் வரவில்லை. ஜப்பானியர் தங்கள் பயணத்தைச் சில நாட்கள் பிற்போட்டிருந்தார்கள். தண்ணீரும் எண்ணெயும் குறைந்துபோக, அவர் படையைத் திருப்பிக்கொண்டு 600 மைல் தென்மேற்கே மாலைதீவின் அத்து தீவுக்கூட்டத்துக்குப் போனார். இரண்டு குரூசர் கப்பல்கள் கொழும்புக்கும், ஹேர்மிஸ் என்ற சிறிய விமானந்தாங்கி திருகோணமலைக்கும் திரும்பிவிட்டன. பலருக்கு எச்சரிக்கை பொய்த்துப்போனது போலத் தோன்றியது. காதுக்கு ஒரு குறை உண்டு. எதிரி வருவதைச் சொல்லும், ஆனால் இந்த நிமிடம் எங்கே நிற்கிறான் என்று சொல்லாது.

இரண்டாவது, கண். காலிக்குக் கிழக்கே கொக்கல வாவியில் கட்டலினா என்ற பெரிய கடல்விமானங்கள் நின்றன. தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே ஏறுபவை. கனடாவின் 413ஆம் பிரிவு அப்போதுதான் அங்கு வந்து சேர்ந்திருந்தது. அதன் ஸ்குவாட்ரன் லீடர் லெனாட் பேர்ச்சல் ஏப்ரல் 2ஆம் திகதி வந்தார். இரண்டு நாளில், ஏப்ரல் 4ஆம் திகதி விடியமுன், தன்னோடு சேர்த்து ஒன்பது பேராகத் தெற்குக் கடலுக்கு மேல் காவல் பறக்கப் புறப்பட்டார்.

பகல் முழுக்கத் தண்ணீர்தான். பின்னேரம் நான்கு மணியளவில், காவலை முடித்துத் திரும்பும் நேரத்தில், தெற்கே அடிவானத்தில் சில கரும்புள்ளிகள். இலங்கையில் இருந்து சுமார் 350 மைல் தூரம். தூரத்திலிருந்து "கப்பல்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அது யாருடைய கப்பல்கள், எத்தனை, எந்தத் திசையில் போகின்றன என்று அறிய அவர்கள் கிட்டப் போனார்கள். நகுமோவின் சீரோ விமானங்கள் மேலே பாய்ந்தன.

வானொலி இயக்குநர் செய்தியை அனுப்பத் தொடங்கினார். மூன்று தடவை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது தடவை போய்க்கொண்டிருக்கும்போது குண்டு பட்டு வானொலி உடைந்தது. விமானம் கடலில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். ஆறு பேரை ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் பிடித்துக்கொண்டது.

"செய்தி அனுப்பினீர்களா?" என்று அடித்துக் கேட்டார்கள். இல்லை என்றார்கள். அந்த நேரம் பார்த்து, கொழும்பிலிருந்து "செய்தியைத் திரும்ப அனுப்புங்கள்" என்று வானொலியில் கேட்டதை ஜப்பானியரும் கேட்டுவிட்டார்களாம். அதன் பிறகு இன்னும் அடி. பேர்ச்சல் உயிரோடு மீண்டு, யுத்தத்துக்குப் பிறகு இதைச் சொன்னார். யுத்தம் முடியும்வரை அவர் கைதியாக இருந்தார். 2004இல் காலமானார். "இலங்கையின் மீட்பர்" என்ற பெயர் கடைசிவரை அவரோடு இருந்தது.

காது சொன்னதையும் கண் சொன்னதையும் இப்போது சேர்த்துப் பார்க்க முடிந்தது. யாருடைய படை, என்ன நோக்கம் என்பது ஒட்டுக்கேட்டதில் இருந்தது. எங்கே நிற்கிறது என்பது பேர்ச்சலின் செய்தியில் இருந்தது. நாளை காலை, அதுவும் உயிர்த்த ஞாயிறு, அடி விழும் என்று கணக்குப் போடக் கஷ்டமில்லை. அன்றிரவே கொழும்புத் துறைமுகத்தில் இருந்து கப்பல்கள் பலவற்றை வெளியேற்றினார்கள். விமானிகளை விடியமுன்பே ஆயத்தமாக நிறுத்தினார்கள். துறைமுகம் நிறைந்திருந்தபோது அடி விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்குப் பேர்ள் துறைமுகம் சாட்சி.

மூன்றாவது, ராடார். அது அந்தக் காலத்தில் புத்தம் புதிய சாமான். மார்ச் கடைசியில் கொழும்பில் ஒரு ராடார் நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. அதன் வேலையைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வோம். ஒரு பெரிய மண்டபத்தில் நின்று கை தட்டினால் எதிரொலி எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதை வைத்து எதிர்ச்சுவர் எவ்வளவு தூரம் என்று சொல்லலாம். ராடார் கை தட்டுவது வானொலி அலையால். அந்த அலை செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். 150 கிலோமீற்றர் தூரத்து விமானத்தில் பட்டு அது திரும்ப ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் எடுக்கும்.

ஒட்டுக்கேட்பவர் நாட்களுக்கு முன் எச்சரிப்பார். கட்டலினா மணித்தியாலங்களுக்கு முன் எச்சரிக்கும். கடைசி அரை மணித்தியாலத்துக்கு ராடார் மட்டும்தான் உண்டு. அந்த அரை மணிக்குள் போர்விமானங்கள் எழும்பி, எதிரிக்கு மேலே உயரம் பிடிக்க வேண்டும்.

அந்தக் கடைசி அரை மணித்தியாலம் கொழும்புக்குக் கிடைக்கவில்லை.

*

காலை எட்டு மணிக்குச் சற்று முன், ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்புக்கு மேல் வந்தன. ராடாரில் இருந்து எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஏன் என்று இன்றும் வாதம் நடக்கிறது. காவல் மாறும் நேரம் என்பார் ஒருவர், புதிய நிலையம், பழக்கமில்லாத ஆட்கள் என்பார் இன்னொருவர். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். ரத்மலானையில் நின்ற ஹரிகேன் விமானிகள் எதிரி தலைக்கு மேல் வந்ததைத் தங்கள் கண்ணால் கண்டுதான் ஓடிப்போய் ஏறினார்கள். குண்டு விழ விழ எழும்பினார்கள். கீழே இருந்து மெதுவாக ஏறும் விமானத்தை மேலே இருப்பவன் அடிப்பது லேசு.

அதே நேரம், திருகோணமலையில் இருந்து வந்துகொண்டிருந்த ஆறு ஸ்வோட்ஃபிஷ் விமானங்கள் ஜப்பானியர் நடுவில் அகப்பட்டன. இரண்டு இறக்கைத் தட்டுள்ள பழைய மெதுவான விமானங்கள். ஆறும் வீழ்த்தப்பட்டன.

ஒரு சின்ன ஆறுதல், குதிரைப்பந்தயத் திடல். ரீட் மாவத்தைப் பக்கம் இன்று பிள்ளைகள் சாப்பிடவும் சுற்றவும் போகும் அந்த ரேஸ்கோர்ஸ் திடலில் பிரித்தானியர் ஓர் ஓடுபாதை போட்டிருந்தார்கள். ஜப்பானியருக்கு அது தெரியாது. அங்கிருந்து 258ஆம் பிரிவின் ஹரிகேன்கள் தடையில்லாமல் எழும்பின. எதிரியின் கண்ணிலும் ஓட்டை இருந்தது.

துறைமுகத்தில் ஹெக்டர் என்ற ஆயுதக் கப்பலும் தெனெடோஸ் என்ற நாசகாரியும் மூழ்கின. ரத்மலானை ரயில்வே வேலைத்தளமும் அடிபட்டது. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. யுத்தம் என்றால் என்னவென்றே அறியாத நோயாளிகள் இறந்தார்கள். பிரித்தானியர் இருபதுக்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தார்கள். ஜப்பானியர் இழந்தது ஏழு.

அன்று பகல் இன்னும் பெரிய இழப்பு வந்தது. முதல்நாள் இரவு கொழும்பை விட்டுப் புறப்பட்ட கோர்ன்வால், டோர்செட்சயர் என்ற இரு குரூசர்களை ஜப்பானியத் தேடல் விமானம் ஒன்று தெற்குக் கடலில் கண்டது. சிறிது நேரத்தில் இரண்டும் கடலுக்கடியில். 424 பேர் இறந்தார்கள். 1,122 பேர் ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் மிதந்து காப்பாற்றப்பட்டார்கள்.

சொமர்வில்லின் படையும் நகுமோவின் படையும் அந்த நாட்களில் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருந்தன. சொமர்வில்லிடம் ஜப்பானியரிடம் இல்லாத ஒன்று இருந்தது. அவருடைய அல்பகோர் விமானங்களில் கப்பலைக் கண்டுபிடிக்கும் ராடார் பொருத்தியிருந்தது. பகலில் ஒதுங்கி நின்று, இரவில் ராடாரால் தேடி அடிப்பது அவர் திட்டம். அந்த இரவு அவருக்கு வாய்க்கவே இல்லை. ராடார் இருந்தது, எந்தப் பக்கம் தேடுவது என்று சொல்லும் கண் இல்லை. கடலில் அவ்வளவு பெரிய இரண்டு படைகள் ஒன்றையொன்று காணாமலே பிரிந்து போயின.

நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையின் முறை வந்தது. முதல்நாள் ஒரு கட்டலினா ஜப்பானியப் படையை மறுபடி கண்டது. இரவோடு இரவாகத் துறைமுகம் காலியானது. காலையில் திருகோணமலை ராடார் வேலை செய்தது. விமானங்கள் வர முன்பே தூரத்தில் கண்டு சொன்னது. ஹரிகேன்கள் எதிரி வருவதற்கு முன் வானத்தில் இருந்தன. அதே தீவு, அதே கிழமை, அதே வகைக் கருவி. ஒரு ஊரில் சங்கிலி கடைசிக் கண்ணிவரை பூட்டுப்பட்டது, மற்ற ஊரில் கடைசிக் கண்ணி விட்டுப்போனது.

ஆனால் வரலாறு இலேசான பாடம் சொல்வதில்லை. திருகோணமலையை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் விமானந்தாங்கியை அன்றே ஜப்பானியர் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். அதில் ஒரு போர்விமானம்கூட இருக்கவில்லை. கூடப் போன வம்பயரும் மூழ்கியது. ஆபத்தை முன்கூட்டி அறிவது பாதி வேலை. அறிந்த பிறகு செய்வதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

கொழும்பில் குண்டு விழுந்த பிறகு சனங்கள் நகரை விட்டுப் போனார்கள். கடைகள் பூட்டுப்பட்டன. கல்கிஸ்ஸையின் புனித தோமையர் கல்லூரியைப் படையினர் எடுத்துக்கொள்ள, அதன் ஒரு பகுதி குருத்தலாவைக்குப் போனது. பெம்புரோக் பாடசாலையில் இருந்த காதுகளும் கப்பலேறின. அவர்கள் போய் இருந்த இடம் கென்யாவின் மொம்பாசா. அங்கும் ஒரு பாடசாலைதான் கிடைத்தது. இந்தியாவில் இருந்து போய்க் கிழக்கு ஆபிரிக்காவில் வியாபாரம் செய்த அல்லிதினா விஸ்ராம் என்ற முஸ்லிம் தனவந்தரின் பெயரில் அமைந்த பாடசாலை. 1943இல் அவர்கள் கொழும்புக்குத் திரும்பி, ஆண்டர்சன் கோல்ஃப் திடலில் பெரிய நிலையம் அமைத்தார்கள்.

*

இங்கே பேர்ள் துறைமுகத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1941 டிசம்பர் 7, அதுவும் ஞாயிறு. அங்கே ராடார் தவறவில்லை. ஓப்பானா என்ற இடத்தில் இருந்த இரு சிப்பாய்கள் 130 மைலுக்கு மேல் தூரத்திலேயே புச்சிடாவின் விமானங்களைத் திரையில் கண்டார்கள். தொலைபேசியில் சொன்னார்கள். மறுமுனையில் இருந்த அதிகாரி, அவை அமெரிக்காவில் இருந்து வரவேண்டிய நம் விமானங்கள்தான், கவலைப்பட வேண்டாம் என்றார். கொழும்பில் கருவி பேசவில்லை. அங்கே கருவி பேசியது, கேட்ட மனிதருக்கு அதை மற்றத் தகவல்களோடு சேர்த்துப் பார்க்க வழியிருக்கவில்லை.

இதை வெறும் பழங்கதை என்று நினைக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். அதுவும் ஞாயிறு, போயா நாள். காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. பல்லேகலையில் இருந்த பூகம்பமானி அதைப் பதிவு செய்தது. ஹவாயில் இருந்த எச்சரிக்கை நிலையம் கால் மணித்தியாலத்தில் அறிவித்தல் விட்டது. அது பசுபிக் நாடுகளுக்கானது. பூகம்பத்தின் உண்மையான அளவும் அப்போது பிடிபடவில்லை. இரண்டு மணித்தியாலம் போல் கழித்து ஜேசன்-1 என்ற செய்மதி வங்காள விரிகுடாவுக்கு மேல் போகும்போது அந்த அலையையே அளந்தது. ஆழ்கடலில் அதன் உயரம் அரை மீற்றர் கணக்கு. அந்தத் தரவை மனிதர்கள் எடுத்துப் பார்க்கையில் எல்லாம் முடிந்திருந்தது.

ஏறத்தாழ நிலம் நடுங்கிய அதே நேரத்தில்தான் மாத்தறை போகும் சமுத்திர தேவி ரயில் கொழும்புக் கோட்டையை விட்டுப் புறப்பட்டது. வெள்ளவத்தைக் கடலோரமாக, எங்கள் வீட்டு யன்னல்களுக்கு முன்னால்தான் அது போனது. பெரலியவில் அலை அதை அடிக்க இரண்டரை மணித்தியாலம் இருந்தது. ரயிலை நிறுத்தச் சொல்லி அம்பலாங்கொடைக்கு எடுத்த தொலைபேசி அழைப்பு நேரத்துக்கு எடுக்கப்படவில்லை. அங்கிருந்த ஊழியர்கள் அந்த ரயிலையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். ரயிலில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு முழுக்க 35,000க்கு மேல். அல்லாஹ் அவர்கள் குடும்பங்களுக்கு ஆறுதலைத் தரட்டும்.

அதன் பிறகுதான் சங்கிலியைக் கட்டினார்கள். 2005இல் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2007 ஒக்டோபரில் ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று பூகம்பமானி முதலில் பேசும். பிறகு ஆழ்கடலின் அடியில் வைத்த அழுத்தமானிகள் பேசும். ஆயிரக்கணக்கான மீற்றர் தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு, மேலே கடல் சில சென்ரிமீற்றர் உயர்ந்தாலும் அவை உணரும். கடைசியில் துறைமுகங்களில் உள்ள கடல்மட்டமானிகள் பேசும்.

அந்தச் சங்கிலியை 2012 ஏப்ரல் 11ஆம் திகதி நாம் கண்ணால் கண்டோம். சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூகம்பம். பின்னேரம் கரையோரத்தில் இருந்தவர்களை மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். மரைன் டிரைவில் இருந்து காலி வீதிப் பக்கம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது பலருக்கு நினைவிருக்கும். பூகம்பமானி மட்டும் இருந்திருந்தால் இரவு முழுக்க ஓடியிருப்போம். ஆனால் அந்தப் பூகம்பத்தில் கடற்தளம் மேலெழாமல் பக்கவாட்டில்தான் நகர்ந்திருந்தது. கடலில் இருந்த கருவிகள் அலை சிறியது என்று காட்டின. எச்சரிக்கை மீளப் பெறப்பட்டது. சிலர் "சும்மா ஓட வைத்தார்கள்" என்று சிரித்தார்கள். 1942இல் ஏப்ரல் 2ஆம் திகதி ஜப்பானியர் வராதபோதும் யாரோ அப்படித்தான் சிரித்திருப்பார்கள்.

*

கொட்டாஞ்சேனையில் படிப்பிக்கும் எங்களால் உயிர்த்த ஞாயிறு என்று எழுதிவிட்டு 2019ஐச் சொல்லாமல் போக முடியாது. ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கேட்கும் தூரத்தில். நாடு முழுக்க 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். முதல் எச்சரிக்கை இந்தியாவில் இருந்து வந்தது ஏப்ரல் 4ஆம் திகதி. அதற்கும் முன்னே, அந்தக் கூட்டத்தைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முறைப்பாடு செய்திருந்தார்கள். காதும் கேட்டது, கண்ணும் கண்டது. சேர்த்துப் பார்த்து, தேவாலயக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த மௌனத்தின் விலையை முதலில் கொடுத்தவர்கள் தேவாலயத்தில் இருந்தவர்கள். பிறகு, எந்தக் குற்றமும் செய்யாத எங்கள் பிள்ளைகளும் சந்தேகப் பார்வைகளுக்கு நடுவே பையைத் திறந்து காட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார்கள். எங்கள் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். இருவருக்கும் இந்தக் கேள்வி சொந்தமானது.

டைட்டானிக் கேள்வி கேட்ட பிள்ளையிடம் கடைசியில் இதைத்தான் சொன்னோம். மகன், பனிப்பாறை யாருக்கும் தெரியாமல் இருக்கவில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போகவில்லை. நீ நாளைக்கு ராடார் முன்னாலோ, தொலைபேசி முன்னாலோ, ஒரு கந்தோர் மேசையிலோ உட்காரும்போது உன் கைக்கு வந்த துண்டுச் செய்தியை வைத்துக்கொண்டு இருக்காதே. பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்க் கொடு. அங்கே இருப்பவர் என்ன வைத்திருக்கிறார் என்றும் கேள்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சேர், கொழும்பு ராடார்ல அண்டைக்கு இருந்தவருக்குப் பிறகு என்ன நடந்த?" என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, ரத்மலானைப் பக்கத்து நண்பர்களே, 1942 குண்டுவீச்சைப் பற்றி உங்கள் வாப்பா, உம்மா, மூத்தம்மா, அப்பா, பாட்டி யாராவது சொன்ன கதை இருந்தால் கீழே எழுதுங்கள். எங்கே ஒளிந்தார்கள், எந்த ஊருக்குப் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று சின்ன விபரமானாலும் பரவாயில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.